நேர்முகப் பரீட்சைக்கு முன் கைக்கு வரும் ‘வழிகாட்டி’கள்: எதை நம்புவது, எதை விடுவது?

கொத்மலைப் பகுதியின் ஒரு கிராமத்தைச் சேர்ந்த பட்டதாரி சகோதரி ஒருவர், வெளியூரில் நடந்த ஆசிரியர் நியமன நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் திரும்பிய அன்று மாலை என்னைப் பார்க்க வந்தார். வாப்பாவும் கூட வந்திருந்தார். பிள்ளையின் கையில் ஒரு பைல். அதற்குள் சான்றிதழ்களை விடத் தடிப்பாக இருந்தது, வட்ஸ்அப் குழுவொன்றில் கிடைத்து போட்டோகொபி கடையில் பிரின்ட் எடுத்த பதினான்கு பக்க பிடிஎப்.

“சேர், இதில இருந்து ஒரு கேள்வி கூட வரல்ல” என்றார்.

பிடிஎப்பைப் புரட்டிப் பார்த்தேன். அமைச்சர்களின் பெயர்கள், மாகாண ஆளுநர்களின் பெயர்கள், நாடுகளின் தலைநகரங்கள், அண்மைய விளையாட்டுச் செய்திகள். கடைசிப் பக்கத்தில் ‘முக்கிய அறிவுறுத்தல்கள்’ என்று தடித்த எழுத்தில் மூன்று வரிகள்: பெண்கள் சாரி மட்டுமே அணிய வேண்டும், சான்றிதழ்களின் போட்டோகொபி போதும், சபையில் உள்ளவர்கள் பொது அறிவையே சோதிப்பார்கள். பத்து நாட்கள் இரவு பகலாக இதைத்தான் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறார்.

அங்கே நடந்ததோ வேறு. முதலில் மூலச் சான்றிதழ்களைக் கேட்டார்கள். நல்ல வேளை, உம்மா வற்புறுத்தியதால் அவை பையில் இருந்தன. அடுத்து, “உங்கள் பாடத்தில் ஒரு தலைப்பை எடுத்து ஐந்து நிமிடம் கற்பித்துக் காட்டுங்கள்” என்றார்கள். பிள்ளைக்குக் கை கால் ஓடவில்லை. வெண்பலகையில் தலைப்பை எழுதினார். பின்பு என்ன எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை.

அழைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. இரண்டாவது பந்தியில், நேர்முகப் பரீட்சையுடன் செயன்முறைப் பரீட்சையும் நடைபெறும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். திகதி, நேரம், இடம் மூன்றையும் பக்கத்து வீட்டில் கேட்டு அறிந்துகொண்ட குடும்பம், மற்றதையெல்லாம் பிடிஎப்பிடம் விட்டுவிட்டது.

ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படித் திரும்பி வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். பிழையான பரீட்சைக்குத் தயாராகிப் போனவர்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, அரச சேவையில் ‘நேர்முகப் பரீட்சை’ என்ற ஒரே பெயரில் வேறுபட்ட காரியங்கள் நடக்கின்றன என்பது. ‘பொது நேர்முகப் பரீட்சை’ என்று வர்த்தமானி அறிவித்தலில் இருந்தால், அதற்குப் புள்ளிகள் கிடையாது. சேவைப் பிரமாணக் குறிப்பில் சொல்லப்பட்ட தகைமைகள் உங்களிடம் இருக்கின்றனவா, ஆவணங்கள் சரியா என்று பார்ப்பதற்கே அந்தச் சபை கூடுகிறது. அங்கே உகண்டாவின் தலைநகரம் தெரிந்திருப்பதால் எந்த நன்மையும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதுதான் பிரச்சினை. ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்றிருந்தால் கதை வேறு. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட புள்ளித் திட்டம் ஒன்று இருக்கும். மேலதிகக் கல்வித் தகைமை, அனுபவம், மொழித் தேர்ச்சி, கணினி அறிவு, நேர்முகப் பரீட்சையில் வெளிப்படுத்தும் திறமை என்று தலைப்பு வாரியாகப் புள்ளிகள் பிரிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அந்த அட்டவணை அறிவித்தலிலேயே அச்சாகியிருக்கும். மூன்றாவது வகை, அந்தச் சகோதரிக்கு நடந்த செயன்முறைப் பரீட்சை. ஆசிரியர் நியமனங்களில் இது வழமையானது.

இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் எழுதிய வழிகாட்டி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், உங்களைக் கவிழ்த்துவிடும். அநேகமானவை நல்லெண்ணத்தோடுதான் எழுதப்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாறு வருடங்களுக்கு முன் வேறொரு பதவிக்குப் போன நானா ஒருவர் தன்னிடம் கேட்கப்பட்டதை எழுதி வைக்கிறார். அதை இன்னொருவர் டைப் செய்கிறார். மூன்றாமவர் தலைப்பை மாற்றி, தன் வகுப்பின் பெயரையும் போன் இலக்கத்தையும் மேலே போட்டு விலைக்கு விற்கிறார். திகதி மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

சாரி பற்றிய அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். 2019 மே 29ஆம் திகதி வெளியான 13/2019 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச அலுவலகங்களில் பெண் உத்தியோகத்தர்கள் சாரி அல்லது ஒசரியே அணிய வேண்டும் என்று கூறியது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய அந்த வாரங்களில் எமது சகோதரிகள் அலுவலக வாசலில் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அந்தச் சுற்றறிக்கையை ஆட்சேபித்தது. பின்னர் அது திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் வந்த செய்தியை விட முதல் சுற்றறிக்கையின் படம்தான் போன்களில் அதிகம் சுற்றியது. அதன் எச்சம்தான் இன்றும் ‘பெண்கள் சாரி மட்டுமே’ என்று பிடிஎப்களில் வருகிறது என்று நினைக்கிறேன். அபாயா அணிந்து போக முடியாது என்று எண்ணி நேர்முகப் பரீட்சைக்கே போகாமல் விட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஒரு வட்ஸ்அப் வரி தடுத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. எமது உரிமை என்பதால் எந்த நிபந்தனையையும் வாசிக்கத் தேவையில்லை என்று இருந்துவிடவும் கூடாது. 2024இல் திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதுகள் மறைந்திருந்தன என்ற காரணத்தால் இடைநிறுத்தப்பட்டதை நாம் பார்த்தோம். அந்த நடவடிக்கை நியாயமற்றது என்பதே என் கருத்து. ஆனாலும், ஆளடையாளத்துக்காக முகம் தெரிய வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அழைப்புக் கடிதத்தில் இருக்கின்றனவா என்பதை முதல் நாளே பார்த்துவிட்டால், வாசலில் நின்று வாதாட வேண்டியிராது.

சரி, எதை நம்புவது? பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. கொத்மலை சமூக வானொலியை இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! மகாவலித் திட்டத்தின் காலத்தில் தொடங்கிய அந்தச் சிறிய வானொலியில், 1999இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் ஒரு புதுமையான வேலை நடந்தது. ஊரில் எவரிடமும் இணையம் இல்லாத காலம். நேயர்கள் தங்கள் சந்தேகங்களை வானொலிக்கு எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கிடைத்த பதிலை மக்கள் மொழியில் விளக்கிச் சொல்வார்கள். உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் போன முயற்சி அது. அந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது, ஒரு கேள்விக்கு ஒருவர் பொறுப்பாக உட்கார்ந்து மூலத்தைத் தேடிப் போனார் என்பதுதான். இன்று எமது ஒவ்வொரு சட்டைப் பையிலும் இணையம் இருக்கிறது. தேடிப் போகும் ஆள்தான் இல்லை.

அரச பதவி என்றால், மூலம் என்பது வர்த்தமானி அறிவித்தலும் அழைப்புக் கடிதமும்தான். வேறு எதுவும் மூலமல்ல. விண்ணப்பித்த நாளிலேயே அந்த அறிவித்தலைத் தரவிறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வரும்போது ஒரு வருடம் கூடக் கடந்திருக்கலாம், அப்போது தேடினால் கிடைக்காமலும் போகலாம். அறிவித்தலில் ‘தெரிவு செய்யும் முறை’ என்ற பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். தகைமைகள் எந்தத் திகதிக்கு முன் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதைக் கோடிட்டு வையுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு கிடைத்த டிப்ளோமாவை, ‘கொண்டு போங்க, புள்ளி போடுவாங்க’ என்று யாரோ சொன்னதை நம்பி நீட்டி, மனம் நொந்து திரும்பியவர்கள் உண்டு.

இங்கே தமிழ் பேசுவோருக்கென்றே ஒரு வலை இருக்கிறது. பல ஆட்சேர்ப்பு அறிவித்தல்களின் கடைசிப் பகுதியில், சிங்கள, தமிழ், ஆங்கில வாசகங்களுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். தமிழ்ப் பிரதியில் ஒரு சொல் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், அதன் விளைவு உங்கள் தலையில்தான். ஆகவே தமிழில் வாசித்தாலும், தகைமை, திகதி, புள்ளித் திட்டம் ஆகிய மூன்று இடங்களையாவது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து சிங்களப் பிரதியில் ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்மலையில் சிங்களம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டாலும் வாசித்துச் சொல்வார்.

கடிதமே சிங்களத்தில் மட்டும் வந்தால்? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்பாடவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. அரச சேவைக்கான பரீட்சைகளுக்குத் தமிழ் மொழி மூலம் தோற்றும் உரிமையும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது. நியமனம் கிடைத்த பின் நியாயமான காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சி பெற வேண்டியிருக்கலாம், அது வேறு விடயம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் நேர்முகப் பரீட்சை அடுத்த வாரம் என்றால் முறைப்பாடு அதற்குள் முடியாது. முதலில் கடிதத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், முறைப்பாட்டைப் பிறகு எழுதலாம்.

கடிதத்திலும் தெளிவில்லை என்றால் அதில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். ‘என்ன கேட்பீங்க?’ என்று கேட்டால் எந்த உத்தியோகத்தரும் பதில் சொல்ல மாட்டார். ‘இது பொது நேர்முகப் பரீட்சையா, கட்டமைக்கப்பட்டதா? செயன்முறைப் பரீட்சை உண்டா? மூலப் பிரதிகளோடு எத்தனை செட் போட்டோகொபி தேவை?’ என்று கேட்டால் சொல்வார்கள். பேசியவரின் பெயர், பதவி, நேரம் மூன்றையும் கடிதத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதும் கடிதத்தில் உள்ளதும் முரண்பட்டால், இரண்டுக்குமே தயாராகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

பெயர் விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முஹம்மத், மொஹமட், மொஹமது. பாத்திமா, பாதிமா. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பட்டச் சான்றிதழில் இன்னொன்று. தோட்டப் பகுதிகளில் பிறப்புப் பதிவு செய்தவர்களுக்கும் இதே கதிதான். லிகிதர் காதில் விழுந்ததே பெயராகிவிட்டது. ‘இதெல்லாம் பார்க்க மாட்டாங்க’ என்பதுதான் ஊரில் கிடைக்கும் ஆலோசனைகளிலேயே மோசமானது. பார்ப்பார்கள். பொது நேர்முகப் பரீட்சையில் பார்ப்பதே அதைத்தான். குறிப்பிட்ட பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக்கூற்று ஒன்று கைவசம் இருப்பது உடனடிப் பாதுகாப்பு. நிரந்தரத் தீர்வு, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் ஊடாகப் பதிவைத் திருத்துவது. அதற்கு நாட்கள் எடுக்கும். அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் முடியாது.

இத்தனைக்கும் பிறகும், சொன்னது ஒன்று நடப்பது ஒன்று என்று ஆகலாம். தனியார் துறையில் இது இன்னும் அதிகம். ‘சும்மா ஒரு பேச்சுத்தான், பதினைந்து நிமிடம்’ என்று ஹொட்டலிலோ கொம்பனியிலோ இருந்து அழைப்பு வரும். போனால் கணினிக்கு முன் உட்கார வைத்துக் கணக்குத் தாள் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். அந்த இடத்தில் பலர் செய்யும் பிழை இரண்டு. ஒரு சாரார் முகம் கறுத்து, ‘எனக்கு இப்படிச் சொல்லவில்லையே’ என்று வாதாடுவார்கள். மறு சாரார் தெரிந்தது போல நடித்துத் தடுமாறுவார்கள். இரண்டும் வேண்டாம். ‘எனக்குக் கிடைத்த அறிவித்தலில் இந்தப் பகுதி இருக்கவில்லை. பரவாயில்லை, செய்கிறேன். இரண்டு நிமிடம் யோசிக்க அவகாசம் தாருங்கள்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலான சபைகள் மறுப்பதில்லை. முறைப்பாடு போலத் தொனிக்காமல் உண்மையும் பதிவாகிவிடுகிறது. கற்பித்துக் காட்டச் சொன்னால், தெரிந்த மிகச் சிறிய தலைப்பை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்வி, ஓர் உதாரணம், ஒரு விளக்கம் போதும். பரந்த தலைப்பை எடுத்து நடுவில் நிற்பவர்களே அதிகம்.

இதுவரை சொன்னது அறியாமையால் வரும் பிழையான வழிகாட்டல். வேண்டுமென்றே தரப்படுவதும் இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்று வரும்போது அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும்.

முகவர் ஒருவர் உங்களை நேர்முகப் பரீட்சைக்குத் தயார்படுத்தும்போது, வேலையைப் பற்றிச் சொல்லித் தருவதை விட விமான நிலையத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அதிகம் சொல்லித் தந்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ‘சுற்றுலா போறேன் என்று சொல்லுங்க, உறவினரைப் பார்க்கப் போறேன் என்று சொல்லுங்க, வேலைக் கடிதத்தை வெளியில எடுக்காதீங்க’ என்பதெல்லாம் ஆட்கடத்தலின் ஒத்திகை. 2022இல் சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. 2024இல் மியன்மாரின் மியாவடிப் பகுதியில், இணைய மோசடி முகாம்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர்கள் சிக்கியிருப்பது தெரியவந்தது. கணினி வேலை என்று நம்பித்தான் அவர்களும் போனார்கள். மலையகத்தில் வேலையில்லாமல் இருக்கும் படித்த பிள்ளைகளைத் தேடி இந்த வகை விளம்பரங்கள் இன்னும் வருகின்றன.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் நிலையங்களின் பட்டியல் இருக்கிறது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது மட்டும் போதாது, இந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘நேர்முகப் பரீட்சைக் கட்டணம்’ என்று பணம் கேட்டால் கொடுத்துவிட்டு விசாரிக்க வேண்டாம், விசாரித்து முடியும் வரை கொடுக்க வேண்டாம்.

அந்தச் சகோதரியின் கதைக்குத் திரும்புகிறேன். அவருக்கு நியமனம் கிடைக்கவில்லை. ‘முஸ்லிம் என்றதால வெட்டிட்டாங்க’ என்று ஊரில் பேச்சு எழுந்தது. அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊகத்தில் பேசாமல் புள்ளிகளைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினோம். காரணம் சொல்ல வேண்டிய கடப்பாடு இல்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். உண்மையிலேயே பாகுபாடு என்று தெரிந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதக் கால எல்லையும், அந்த விசாரணை நடக்கும் காலத்தில் ஓடாது நிற்கும். இந்தத் திகதிகளைத் தவறவிட்டே நல்ல வழக்குகள் பல செத்துப் போயின.

பதில் வந்தது. மற்ற எல்லாத் தலைப்பிலும் பிள்ளை நன்றாகவே எடுத்திருந்தார். செயன்முறைப் பரீட்சையில்தான் விழுந்திருந்தார். தாளைப் பார்த்து வாப்பா ஒன்றும் பேசவில்லை. பிள்ளை மட்டும், “பத்து நாள் இருந்திச்சே சேர்” என்றார்.

போன மாதம் அவரை நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் கண்டேன். அடுத்த அறிவித்தலுக்கு விண்ணப்பித்துவிட்டாராம். ஹபுகஸ்தலாவ, கெட்டபூலாப் பக்கம் இருந்து விண்ணப்பித்த மற்றப் பிள்ளைகளுக்காக இரண்டு பக்கக் குறிப்பொன்றும் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் பிரதிதான். வாங்கிப் பார்த்தேன். வர்த்தமானி இலக்கமும் திகதியும் முதல் வரியிலேயே இருந்தன. அடியில் சிவப்புப் பேனையால் ஒரு குறிப்பு: ‘இது இந்த அறிவித்தலுக்கு மட்டும். அடுத்த முறை யாரும் இதை அனுப்ப வேண்டாம்.’